கடைசி வெட்டுக்கு நாலு சீட்டு

திருவல்லிக்கேணி, சென்னை-5
20-11-1977

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இளங்கோவன் எழுதுவது. மெஸ் சாப்பாடு ஒன்றைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? லோகுக்குட்டிக்கு இருமல் நின்றதா?

டிவி நிலையத்தில் எனக்குப் பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது. பெரிய வேலை என்றால் பெரிய ஆபத்து. வெளிநாட்டு மேடை நாடகங்களைத் தமிழில் மாற்றி டிவியில் போடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். "இங்க யாருக்குப் பிரெஞ்சு தெரியும்?" என்று புரொட்யூசர் கேட்டார். கூட்டத்தில் என் கை தானாக மேலே போய்விட்டது. நான் காலேஜில் பிரெஞ்சு எடுத்த லட்சணம் உனக்குத் தெரியும். தமிழில் ஐம்பது வாங்குகிறவன் பிரெஞ்சில் எண்பது வாங்கலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள், எடுத்தேன். வாங்கிய மார்க் இருக்கிறது, பிரெஞ்சு போய்விட்டது. இப்போது நூறு பக்கப் புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று பக்கம் தாண்டுகிறேன். நான் இன்னும் தற்காலிக ஆள்தான். குட்டு வெளிப்பட்டால் பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடு அங்கே வந்து நிற்பேன்.

படித்தவரைக்கும் கதை இதுதான். கடலோரத்தில் ஒரு ஊர். புயலில் ஒரு கப்பல் பாறையில் மாட்டிக்கொள்கிறது. யார் படகு எடுத்துப் போவது என்று கூழாங்கல் போட்டு ஆள் எடுக்கிறார்கள். வெள்ளைக் கல் வந்தால் வீடு, கறுப்புக் கல் வந்தால் கடல். படித்ததும் நம் ஊர்தான் ஞாபகம் வந்தது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, முகத்துவாரம் மணலால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிசைக்குள் வரும்போது ஆண்கள் எல்லாரும் போய் மணலை வெட்டுவார்களே. அதில் ஏரி உடைத்துக்கொண்டு ஆளை இழுத்துப்போகும் கடைசி வெட்டுக்கு மட்டும் அம்மன் கோயிலில் சீட்டுப் போட்டு நாலு பேரை எடுப்பார்களே. கூழாங்கல்லுக்குப் பதில் அந்தச் சீட்டைப் போட்டுவிட்டேன். புரொட்யூசருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இந்தக் காலத்துக் கதையாகக் காட்டினால் யாராவது மனு போடுவார்கள் என்று, முந்நூறு வருஷம் பின்னால் தள்ளி ஒல்லாந்தர் காலத்துப் பழவேற்காடு என்று வைக்கச் சொன்னார். ஒல்லாந்தர் எல்லாரும் செத்துவிட்டார்கள், மனு போடமாட்டார்கள்.

நீ எனக்கு உதவ வேண்டும். ஒல்லாந்தர் கல்லறையில் என்னென்ன செதுக்கியிருக்கிறது என்று பார்த்து எழுது. முக்கியமாக அந்தச் சீட்டு விஷயம். பதினொரு வயதிலேயே நான் பொன்னேரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் ஒன்றும் பார்த்ததில்லை. சீட்டு எழுதுவது யார்? நாலு எடுத்த பிறகு மீதிச் சீட்டை என்ன செய்வார்கள்?

மாமாவுக்கு வணக்கம். லோகுவுக்கு முத்தம்.

உன் தம்பி,
இளங்கோவன்


பழவேற்காடு
2-12-1977

அன்புத் தம்பி இளங்கோவனுக்கு,

அக்கா தெய்வநாயகி எழுதியது. அம்மன் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சௌக்கியம். லோகுவுக்கு இருமல் போய் இப்போது வாய் வந்திருக்கிறது. உங்கள் மாமாவையே "தாமு, இங்க வா" என்கிறாள்.

கை தூக்கும் முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? சின்ன வயதிலும் அப்படித்தான். நீந்தத் தெரியுமா என்றால் தெரியும் என்று குதித்துவிடுவாய், அப்புறம் நான் குதிக்க வேண்டும்.

நீ கேட்டாயே என்று கோவிந்தம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். பொன்னேரி சந்தைக்குக் கூடை கொண்டுபோய்விட்டுத் திரும்பும் வழியில் பார்த்தோம். வாசலில் ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறது. ஒன்று தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே கல்லில் பூவும் கொடியும் கப்பலும் ஏதோ எழுத்தும் இருக்கிறது. ஆடுகள் ஏறிப் படுத்திருந்தன. கோவிந்தம்மா அக்கா அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து, "இத்தினி பெரிய கல்லு வச்சி இன்னா, கடசீல இதான் மிச்சம்"னு சொல்லிச் சிரித்தாள். தொப்பி போட்ட ஒல்லாந்தர் உருவம் எந்தக் கல்லிலும் இல்லை.

அவள் புருஷன் மாரி மாமா போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. ஐப்பசியில் திதி கொடுத்தார்கள். அவர்கள் மகள் கஸ்தூரி பத்தாவது படிக்கிறாள். நல்ல கையெழுத்து. கோவிந்தம்மா அக்காவும் நானும் தினம் ஒன்றாகத்தான் சந்தைக்குப் போகிறோம்.

சீட்டு விஷயம் ஆண்பிள்ளைகள் விஷயம். கோயிலில் அன்றைக்குப் பெண்கள் நிற்பதில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
தெய்வநாயகி


சென்னை-5
14-12-1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் அதேபோல் இருக்க வேண்டும். எலும்புக்கூட்டு வாசலைப் படித்துவிட்டு எங்கள் செட் போடுகிறவர் துள்ளிக் குதித்தார். அட்டையில் செய்து கொண்டிருக்கிறார். கோவிந்தம்மா அக்கா சொன்ன வசனத்தை அப்படியே ஒரு கிழவிக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது அங்கம் முடித்துவிட்டேன். கதை இப்போதுதான் சூடு பிடிக்கிறது. கறுப்புக் கல் தன் புருஷனுக்கு வரக்கூடாது என்று ஒருத்தி பைக்குள் கையை விட்டுக் கல்லை மாற்றிவிடுகிறாள். வேறொருவன் படகில் போய்ச் சாகிறான். செத்தவன் பெண்டாட்டி இவளுக்கு உயிர்ச் சிநேகிதி. இனிமேல் நாடகம் முழுக்க இவள் அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. நம் ஊரில் பெண்கள் கோயிலில் நிற்பதில்லை என்றால் அவள் எப்படிச் சீட்டை மாற்றுவாள்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது பளிச்சென்று வந்தது. சீட்டு எழுதுவதே அவள்தான். ஊரில் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. வீட்டில் உட்கார்ந்து இருபத்துநாலு பெயர் எழுதிச் சுருட்டிக் கொடுக்கிறாள். அதில் தன் புருஷன் பெயரை விட்டுவிட்டு, இன்னொருவன் பெயரை இரண்டு தடவை எழுதிவிடுகிறாள். எண்ணிப் பார்த்தால் இருபத்துநாலு சரியாக இருக்கும். இது பிரெஞ்சில் இல்லை, முழுக்க என் சரக்கு. என் புத்தியை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

ஒரே ஒரு ஓட்டை. மீதிச் சீட்டை யாராவது பிரித்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வாளே. மாமாவைக் கேட்டு எழுது, மீதியைப் பிரிப்பார்களா, மாட்டார்களா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன். சீக்கிரம்.

அன்புடன்,
இளங்கோவன்


பழவேற்காடு
3-1-1978

தம்பிக்கு,

அனைவரும் சுகம். உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. வேலை இருந்தது, எழுத முடியவில்லை.

உன்னிடம் யார் பேசினார்கள்? இங்கிருந்து யாராவது சென்னைக்கு வந்து உன்னைப் பார்த்தார்களா? மறைக்காமல் எழுது. அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு இதெல்லாம் யார் சொன்னது?

அந்தச் சீட்டு எழுதுகிற இடத்தை எடுத்துவிடு. நீ பட்டணத்தில் இருக்கிறாய், உனக்கு இங்கே இருக்கிற நிலவரம் தெரியாது. பழவேற்காடு பஞ்சாயத்து ஆபீசில் இப்போது டிவி பெட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்கே ஊர் திரண்டு போகிறது. உன் நாடகம் என்றால் ஏரிக்கு இக்கரையில் இருக்கிற நம் குப்பமே படகு கட்டிக்கொண்டு போகும். அம்மன் சீட்டில் ஒருத்தி கள்ளம் செய்தாள் என்று காட்டினால் சும்மா இருப்பார்களா? ஏரியில் எங்கள் வலைப்பாட்டை நிறுத்திவிடுவார்கள். வலை போட எங்கள் முறை வராவிட்டால் நாங்கள் என்ன செய்வது? ஊர்க்கட்டு போட்டால் யாரும் எங்கள் வீட்டுக்கு நெருப்புக்கூடத் தரமாட்டார்கள். லோகுவோடு ஒரு குழந்தையும் விளையாடாது.

புயல் வந்தது, ஒருவன் செத்தான் என்று மட்டும் எழுது. அது போதும். கைகூப்பிக் கேட்கிறேன்.

தெய்வநாயகி


சென்னை-5
10-1-1978

என் அன்பு அக்கா,

நலம்தானே? உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் கவலைப்பட்டேன். என்னிடம் யாரும் பேசவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரர் பழவேற்காடு என்ற பெயரையே கேட்டிருக்கமாட்டார். ஊர் கோபிக்கும் என்று பயப்படாதே. ஒல்லாந்தர் காலம் என்று எழுத்துப் போட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். முந்நூறு வருஷத்துக்கு முந்தியவள் செய்ததற்கு இன்றைக்கு யார் உங்கள் வலைப்பாட்டை நிறுத்துவார்கள்?

அந்தக் காட்சியை எடுக்க முடியாது அக்கா. புரொட்யூசர் அதைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார். மீதிச் சீட்டைக் கற்பூரத்தட்டில் போட்டு எரித்துவிடுவதாக நானே வைத்துவிட்டேன். பிரிக்காமலே எரிப்பார்கள், அம்மன் கணக்கை மனிதன் பார்க்கக்கூடாது என்று பூசாரி சொல்வார். பொருத்தமாக இருக்கிறதல்லவா?

செத்துப்போகிறவனை எழுதும்போது மாரி மாமாதான் கண்ணில் நின்றார். கரையில் நிற்கும்போது ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிவாரே, பேச்சை ஆரம்பிக்கும் முன் "கேளு ராசா" என்பாரே, அதையெல்லாம் கொடுத்திருக்கிறேன். கோவிந்தம்மா அக்காவும் கஸ்தூரியும் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

இப்போது மூன்றாவது அங்கம். இதில் எனக்குப் பாதி புரியவில்லை. வெட்கத்தை விட்டு என் பழைய வாத்தியாரிடம் போனேன். அவர் படித்துச் சொன்னார், பிரெஞ்சில் அவள் கடைசிவரை சொல்வதே இல்லையாம். சிநேகிதி பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறாள், திரை விழுகிறது. புரொட்யூசர் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறார். தமிழ்ப் பெண் அழுது உண்மையைச் சொல்ல வேண்டுமாம்.

நீ சொல். நம் ஊர்ப் பெண் ஒருத்தி இப்படிச் செய்திருந்தால், சொல்வாளா, மாட்டாளா?

மாமாவுக்கும் லோகுவுக்கும் என் அன்பு.

இளங்கோவன்


பழவேற்காடு
22-1-1978

தம்பி இளங்கோவனுக்கு,

பொங்கலுக்கு நீ வரவில்லை. உங்கள் மாமா புது வேட்டி எடுத்து வைத்திருந்தார். உடம்பு சுகம்தானே?

கேட்டாய், எழுதுகிறேன். அவள் சொல்லமாட்டாள்.

சொல்வதாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உடம்பு கரைக்கு வந்த பிறகு சொல்ல முடியாது. கருமாதி முடியட்டும் என்று இருப்பாள். அப்புறம் தனக்குப் பிள்ளை பிறக்கட்டும் என்று இருப்பாள். பிறந்த பிறகு அந்தப் பிள்ளைக்காகச் சொல்லமாட்டாள். செத்தவன் பெண்டாட்டியை விட்டு ஒரு நாளும் பிரியமாட்டாள். கூடவே கூடை தூக்குவாள். ஊரார் அதைப் பாசம் என்பார்கள். பக்கத்திலேயே இருந்தால்தானே அவளுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா என்று முகத்தைப் பார்க்க முடியும். அவள் சிரித்தால் பயம். பேசாமல் இருந்தால் அதைவிடப் பயம். கற்பூர வாசனை வந்தால் வாந்தி வரும். தன் புருஷன் வயிறாரச் சாப்பிடுவதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும், உடனே சந்தோஷப்பட்டோமே என்று பயம் வரும். பேனாவைக் கையில் எடுக்கவே பிடிக்காது. ஆனாலும் ஊர் கேட்டால் எழுதிக்கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

சும்மா யோசித்துப் பார்த்து எழுதினேன். அவள் சொல்லவில்லை என்றே முடித்துவிடு. பிரெஞ்சுக்காரன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

மாரி மாமாவின் சாயல் மட்டும் வேண்டாம். அந்த "கேளு ராசா" வேண்டாம். இதையாவது கேள்.

அக்கா


சென்னை-5
8-2-1978

என் அருமை அக்கா,

நீ நன்றாக இருப்பாய். நூறு வருஷம் இருப்பாய்.

உன் கடிதத்தை நான் என்ன செய்தேன் தெரியுமா? வரிக்கு வரி எடுத்து அந்தப் பெண்ணின் வாயில் போட்டுவிட்டேன். "அவள் சிரித்தால் பயம், பேசாமல் இருந்தால் அதைவிடப் பயம்" என்று நடிகை சொல்லி முடித்ததும் கேமரா பிடிக்கிறவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புரொட்யூசர் தன் கண்ணீர்க் காட்சியை மறந்தே போனார். போன சனிக்கிழமை முழுவதையும் டேப்பில் பதிவு செய்தாகிவிட்டது. "பிரெஞ்சிலிருந்து இப்படி யாரும் கொண்டுவந்ததில்லை" என்று என் தோளைத் தட்டினார். என்னை நிரந்தரமாக்க எழுதிவிட்டதாகச் சொன்னார்.

மாரி மாமா சாயலை எடுக்க முடியவில்லை. நடிகர் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டார். மன்னித்துவிடு.

மார்ச் 10, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பு. பஞ்சாயத்துத் தலைவருக்கும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ. கோவிந்தம்மா அக்காவை முன்வரிசையில் உட்கார வை.

என்றும் நன்றியுள்ள தம்பி,
இளங்கோவன்


பழவேற்காடு
20-2-1978

மச்சான் இளங்கோவனுக்குத் தாமோதரன் சொல்லி எழுதுவது. (சித்தப்பா சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். - கஸ்தூரி)

நல்லா கீறியா? நாங்க கீறோம். உங்கக்கா நல்லா இல்ல. அதான் இந்த லெட்டர். நீ இன்னாதான் எழுதுறே அவளுக்கு? உன் லெட்டர் வந்துச்சின்னா ரெண்டு நாளு சோறு தின்றதில்ல. போஸ்ட்மேன் படகுல வர்றதைப் பாத்தா உள்ள போயி கதவ சாத்திக்கிறா. இன்னாடின்னு கேட்டா ஒண்ணும் இல்லன்றா. பஞ்சாயத்துல நாடகம் வரப்போவுதுன்னு தண்டோரா போட்டாங்க. எனுக்குப் பெருமையா இருந்துச்சி. இவ அப்பிடியே உக்காந்துட்டா. வேர்த்துப்போச்சி.

அரிசிப் பானையில உன் லெட்டரெல்லாம் ஒளிச்சி வச்சிருந்தா. எனுக்குப் படிக்கத் தெரியாதே, கஸ்தூரிய இட்டாந்து படிக்கச் சொன்னேன். படிச்சா. நாடகக் கதைதான் கீது, வேற ஒண்ணும் இல்ல. இதுக்கு ஏன் பயப்படறா? பேய் கீய் புடிச்சிதா, வேண்டுதல் இன்னா வைக்கிறதுன்னு புரியல. நீ ஒரு தபா வந்துட்டுப் போ மச்சான். நீ சொன்னா கேப்பா.

இப்படிக்கு தாமோதரன் (கைநாட்டு)

மாமா, சித்தப்பா வலையை எடுக்கப் போயிருக்கிறார். நான் சில வரி எழுதுகிறேன். ஊரில் எப்போதும் சின்னம்மாதான் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். உங்களுக்குத் தெரியாதா? ஒரு பெயரை இரண்டு தடவை எழுதுகிற இடத்தை மட்டும் சித்தப்பாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. நாடகத்தில் செத்துப்போகிறவருக்கு மகள் உண்டா? உண்டு என்றால் அவள் என்ன செய்கிறாள் என்று எழுதவும்.

கஸ்தூரி


சென்னை-5
24-2-1978
(ரிஜிஸ்டர் தபால்)

அக்கா,

இதை நீ மட்டும் படி. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மாமாவின் கடிதம் வந்தது. அதில் கஸ்தூரி எழுதியதும் இருந்தது. சீட்டு எழுதுவது நீ என்று எனக்கு அதுவரை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த இரண்டு தடவைப் பெயரை என் மூளைதான் கண்டுபிடித்தது என்று குதித்தேனே, உன்னிடமே எழுதினேனே. கஸ்தூரி அந்த இடத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டாளாம். மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. கோவிந்தம்மா அக்காவுக்கும் அவள் சொல்லவில்லை. ஆனால் கஸ்தூரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். செத்தவருக்கு மகள் உண்டா என்று. நாடகத்தில் மகள் இல்லை அக்கா. அவளுக்கு நான் என்ன பதில் எழுதுவேன்?

நான் உன்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீ எழுதிய அந்த ஜனவரிக் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டாவது பக்கத்துக்குப் போக முடியவில்லை. அதைத்தான் ஊரே கேட்கும்படி ஒரு நடிகையைச் சொல்லவைத்திருக்கிறேன்.

நேற்று புரொட்யூசரிடம் போய் நாடகத்தை நிறுத்தச் சொன்னேன். காரணம் கேட்டார், சொல்ல முடியவில்லை. காரணம் இல்லாமல் நிறுத்த முடியாது என்றார். ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, பாதி நாடகம் என் கற்பனை, மொழிபெயர்ப்பு என்று ஏமாற்றிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், அன்றைக்கே டேப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். என்னையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்ற பயத்தில் நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்துவிடுவேன். நீ ஒரு வரி போடு. ஏழாம் தேதிக்குள் உன் பதில் கிடைத்தால் போதும். "நிறுத்து" என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தம்பி


பழவேற்காடு
8-3-1978

தம்பி இளங்கோவனுக்கு அக்கா எழுதுவது.

ஏழாம் தேதி தாண்டிவிட்டது. வேண்டுமென்றேதான் தாமதித்தேன். நீ ஒன்றும் எழுதிக் கொடுக்காதே. இந்தக் கடிதம் வரும்போது நாடகம் முடிந்திருக்கும். வேலையைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

உன்னிடம் மறைத்ததை எழுதிவிடுகிறேன். மாரி மாமா போன அந்த ஐப்பசியில் எனக்கு ஐந்தாம் மாதம். உங்கள் மாமாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் அடித்து அப்போதுதான் எழுந்திருந்தார். கால் நடுங்குகிறது, ஆனால் ஊர் வரி கட்டுகிற தலைக்கட்டு ஆள் என்றால் பெயர் சீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில் மேல் உட்கார்ந்துதான் சீட்டு எழுதினேன். அவர் பெயர் எழுதும் முறை வந்தபோது கை எழுதவில்லை. மாரி என்று எழுதிவிட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை எழுதியிருந்தேன். ஏன் மாரி மாமா பெயர் என்றால், குப்பத்தில் அவரைப்போல நீச்சல் யாருக்கும் கிடையாது. அவர் போனால் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பினேன். அதற்காகத்தான் அவர் பெயர். மணல் உடைந்து ஏரி பாய்ந்தபோது மற்ற மூன்று பேரையும் படகில் தூக்கிப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

கஸ்தூரி அந்த இடத்தைப் படிக்காமல் தாண்டினாள் என்று நீ எழுதினாய். அதன் பிறகு அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று சந்தையிலிருந்து திரும்பிப் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். கோவிந்தம்மா அக்கா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை இவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "தெரியும்" என்றாள்.

அவளே சொன்னாள். "கற்பூரத்துல போடசொல்ல ஒரு சீட்டு பிரிஞ்சி கீழ வுழுந்துச்சாம். எடுத்துப் போட்டவரு கஸ்தூரி அப்பாதான். அவரு பேரே ரெண்டாந்தபா இருந்துச்சாம். யாருக்கும் காட்டாம நெருப்புல போட்டுட்டு வந்துட்டாரு. வூட்டுல வந்து என்னாண்ட சொன்னாரு. தாமு பொண்டாட்டி மாசமா கீறா, பயத்துல பண்ணிட்டா, வுடு, எனுக்கு இன்னா நீச்சல் தெரியாதான்னாரு. போயி ஊர்ல சொல்லுன்னு நான் அடிச்சிக்கினேன். சொல்லல."

நான் அழுதேன். "அப்ப இத்தினி நாளு ஏன்க்கா என்னெ சும்மா வுட்டே?" என்று கேட்டேன்.

"நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துனு இருந்தேன்" என்றாள். "நாலு வருசம் உன் பக்கத்துலயே உக்காந்து பாத்துனு இருந்தேன். இன்னிக்கி சொல்றே. எதுக்குச் சொல்றே, டிவில வரப்போவுதுன்னா? பயத்துலதான் பண்ணே, பயத்துலதான் சொல்றே."

அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது. படகு வந்ததும் என் கூடையையும் சேர்த்து அவளே தூக்கி வைத்தாள். ஏறும்போது ஒன்று சொன்னாள். "ஊர்ல சொல்றதும் சொல்லாததும் அப்பறம். எம் பொண்ணு நாலு நாளா அப்பா ஏன் போனாருன்னு கேக்கறா. அவளுக்கு நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு."

கஸ்தூரி இப்போது வாசலில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு எந்தப் படகு, எத்தனை மணிக்கு என்று கேட்க வந்தேன் என்கிறாள். "யாருக்குச் சின்னம்மா எழுதறீங்க?" என்கிறாள். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதத்தான் தெரியும். உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். படித்துவிட்டுக் கிழித்து ஏரியில் போடட்டும், ஊரைக் கூட்டட்டும், அவள் இஷ்டம்.

இது உனக்கு வந்து சேர்ந்தால், கஸ்தூரிதான் ஒட்டித் தபாலில் போட்டாள் என்று தெரிந்துகொள்.

தெய்வநாயகி